சிறார் பல் மருத்துவத்தில் நோயறிதலின் தரத்தை அளவிடல்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவச் சேவையின் தரத்தை எண்களால் அளக்கும் முயற்சிகள் கடந்த அரை நூற்றாண்டில் பெருகியுள்ளன. சிறார் பல் மருத்துவத்தில் பின்பற்றப்படும் அளவீடுகளுள் பெரும்பாலானவை, குழந்தை பரிசோதிக்கப்பட்டதா என்பதையே எண்ணுகின்றன. பரிசோதனையில் கண்டறியப்பட்டது என்ன, அது சரியானதா, உரிய காலத்தில் கண்டறியப்பட்டதா, பெற்றோருக்கு எடுத்துரைக்கப்பட்டதா என்னும் வினாக்களுக்கு அவை விடை தருவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மெடிக்கெய்டு திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவ்விடைவெளியை விளக்குகிறது. நோயின் எல்லைக்கோடு, உணர்திறன், குறித்தன்மை, கப்பா கெழு, ஒப்புநியமம் ஆகிய கருத்துகளை எண் விளக்கத்துடன் ஆராய்கிறது. நோயறிதலின் முடிவு பல்வாரியாகப் பதிவு செய்யப்படாதவரை அதன் தரத்தை அளக்க இயலாது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நோயறிதல், தர அளவீடு, பற்சொத்தை, பாற்பற்கள், உணர்திறன், குறித்தன்மை, கப்பா கெழு, மெடிக்கெய்டு

முன்னுரை

2007ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். சொத்தைப்பல்லில் தொடங்கிய நோய்த்தொற்று மூளைக்குப் பரவியதே அவன் இறப்புக்குக் காரணம். இரண்டு மூளை அறுவைச் சிகிச்சைகளும் பல வார மருத்துவமனைக் கவனிப்பும் அவனைக் காப்பாற்றவில்லை. உரிய காலத்தில் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும் என்ற செய்தி அந்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது. 2009இல் குழந்தைகள் நலக் காப்பீட்டுத் திட்டத்தை மறுசீரமைத்த சட்டம், அத்திட்டத்தில் பல் மருத்துவச் சேவையைக் கட்டாயமாக்கியது. சிறார் மருத்துவச் சேவைக்கான அடிப்படைத் தர அளவீடுகளை உருவாக்கவும் அது வழிசெய்தது. இதற்குச் சற்று முன்னர், 2008இல், அந்நாட்டின் நடுவண் மருத்துவச் சேவை நிறுவனத்தின் வேண்டுகோளையொட்டி அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ‘பல் மருத்துவத் தரக் கூட்டமைப்பு’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்திருந்தது.

இம்முயற்சிகளால் சிறார் பல் மருத்துவம் அளக்கப்படும் துறையாயிற்று. எனினும் எது அளக்கப்படுகிறது என்பது தனி வினா. மருத்துவச் சேவையின் முதற்படி நோயறிதல். அப்படியில் நேரும் பிழை அடுத்துவரும் அனைத்தையும் திசைமாற்றும். இருந்தும், நோயறிதலின் தரத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் இத்துறையில் குறைவாகவே உள்ளன. இக்குறைபாட்டின் காரணங்களையும் அதைக் களையும் வழிகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தரமும் நோயறிதலும்: கருத்து வரையறை

மருத்துவத் தர மதிப்பீட்டுக்கு அடித்தளம் இட்டவர் அவெடிஸ் டொனபீடியன். 1966இல் வெளியான தம் கட்டுரையில் அவர் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்னும் மூன்று நிலைகளில் காணலாம் என்றார். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி உள்ளதா என்பது கட்டமைப்பு. தேவையான குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்பது செயல்முறை. குழந்தை வலியின்றி மெல்லவும் உறங்கவும் முடிகிறதா என்பது விளைவு.

நோயறிதல் இம்மூன்றனுள் செயல்முறையைச் சார்ந்தது. ஆயினும் அது பிற செயல்முறைகளைப் போன்றதன்று. புளோரைடு பூசுதல் ஒரு செயல். அது நிகழ்ந்தது அல்லது நிகழவில்லை. நோயறிதலோ ஒரு தீர்ப்பு. அது நிகழ்ந்தது என்று கூறுவதால் மட்டும் அதன் தரம் விளங்காது. அது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கலாம்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் சார்பில் 2015இல் வெளிவந்த நோயறிதல் மேம்பாட்டு அறிக்கை, நோயறிதல் பிழைக்கு ஒரு வரையறையை வகுத்தது. நோயாளியின் உடல்நலச் சிக்கலுக்குத் துல்லியமான, காலத்தே அமைந்த விளக்கத்தைக் கண்டடையத் தவறுதல், அல்லது அவ்விளக்கத்தை நோயாளிக்குத் தெரிவிக்கத் தவறுதல் என்பதே அதன் சாரம். இவ்வரையறையிலிருந்து துல்லியம், காலம், தெரிவிப்பு என்னும் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. சிறார் மருத்துவத்தில் மூன்றாவது அளவுகோல் தனிக்கவனத்துக்குரியது. நோயாளி குழந்தை, விளக்கத்தைப் பெற்று முடிவெடுப்பவர் பெற்றோர் அல்லது காப்பாளர்.

இங்குக் கண்டுபிடித்தலுக்கும் நோயறிதலுக்கும் உள்ள வேறுபாட்டையும் தெளிவுபடுத்துதல் வேண்டும். பல்லின் மேற்பரப்பில் மாற்றம் உள்ளது எனக் காண்பது கண்டுபிடித்தல். அம்மாற்றம் எவ்வளவு ஆழமானது, வளர்ந்துவருகிறதா, நின்றுவிட்டதா எனக் கணிப்பது மதிப்பிடல். இவற்றை இணைத்து, காரணத்தையும் உணர்ந்து ஒரு முடிவுக்கு வருவதே நோயறிதல். இம்மூன்று படிகளிலும் தனித்தனியே பிழை நேரலாம்.

2. நடைமுறை அளவீடுகள் எண்ணுவது எதை?

குறைந்த வருவாயுடைய குடும்பத்துக் குழந்தைகளுக்கென மெடிக்கெய்டில் 1967இல் சேர்க்கப்பட்ட பகுதியின் பெயரிலேயே நோயறிதல் இடம்பெற்றுள்ளது. ‘முன்கூட்டியதும் காலமுறைப்படியானதுமான பரிசோதனை, நோயறிதல், சிகிச்சை’ என்பது அப்பெயரின் பொருள். இத்திட்டத்தில் 21 வயதுக்குட்பட்டோர் பெறும் சேவைகளைப் பற்றி மாநிலங்கள் ஆண்டுதோறும் அளிக்கும் அறிக்கை சி.எம்.எஸ்.-416 எனப்படும் படிவம். பல் மருத்துவத் தடுப்புச் சேவை பெற்றோர், சிகிச்சை பெற்றோர், நோயறிதல் சேவை பெற்றோர் எனத் தனித்தனி வரிகள் அப்படிவத்தில் உள்ளன.

நோயறிதல் வரியில் எழுதப்படும் எண் கணக்கிடப்படும் முறை நோக்கத்தக்கது. அமெரிக்கப் பல் மருத்துவச் சேவைகளுக்கு நான்கு இலக்கக் குறியீடுகள் உள்ளன. அவற்றுள் 0100 முதல் 0999 வரையிலானவை நோயறிதல் பிரிவைச் சார்ந்தவை. அப்பிரிவில் ஏதேனும் ஒரு குறியீடு ஒரு குழந்தையின் பெயரில் ஓராண்டில் ஒருமுறை பதிவாகியிருந்தால், அக்குழந்தை நோயறிதல் சேவை பெற்றதாக எண்ணப்படும். காலமுறைப் பரிசோதனையும் அப்பிரிவினுள் அடங்கும். ஒற்றை எக்ஸ்ரே படமும் அடங்கும். படத்தில் என்ன தென்பட்டது என்பதற்கு அவ்வெண்ணில் இடமில்லை.

பல் மருத்துவத் தரக் கூட்டமைப்பின் வாய்ப் பரிசோதனை அளவீடு இதைக் காட்டிலும் செறிவானது. முழுமைப் பரிசோதனை, காலமுறைப் பரிசோதனை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பரிசோதனை ஆகியவற்றுக்குரிய குறியீடுகளை மட்டுமே அது ஏற்கிறது. நிலைத்த முதற் கடைவாய்ப்பற்களின் பள்ளங்களைப் பத்தாம் பிறந்தநாளுக்குள் அடைப்புப் பூச்சால் மூடுதல், புளோரைடு பூசுதல், பற்சொத்தைக்காக அவசரப் பிரிவுக்கு வருதல், அதன்பின் 7 நாள்களுக்குள்ளும் 30 நாள்களுக்குள்ளும் பல் மருத்துவரைக் காணுதல் ஆகியவற்றுக்கும் அக்கூட்டமைப்பு அளவீடுகளை வகுத்துள்ளது. இவை பயனுள்ளவை, சேவை எட்டாத குழந்தைகள் எவ்விடத்தில் உள்ளனர் என்பதை இவை காட்டுகின்றன. ஆயினும் இவற்றின் மூலத்தரவு காப்பீட்டுக் கட்டணக் கோரிக்கையே.

கட்டணக் கோரிக்கை செய்த வேலைக்குக் கூலி கேட்கும் ஆவணம். பொது மருத்துவத்தில் கோரிக்கையுடன் நோய்க்குறியீட்டையும் எழுதுவது நெடுநாள் வழக்கம். பல் மருத்துவத்தில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் கோரிக்கைப் படிவத்தில் 2012 முதல் நோய்க்குறியீட்டுக்கு இடம் உள்ளது. எனினும் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு அது கட்டாயமில்லை. ஒரு கடைவாய்ப்பல் அடைக்கப்பட்டது என்பதைக் கோரிக்கை கூறும். அது சொத்தையால் அடைக்கப்பட்டதா, பிறவிக் கனிமக் குறைபாட்டாலா, பழைய அடைப்பு உடைந்ததாலா என்பதைக் கூறாது. ஆகவே, சிகிச்சையிலிருந்து நோயை ஊகிக்கும் நிலைக்கு ஆய்வாளர் தள்ளப்படுகிறார். நோயறிதல் தவறாக இருந்து அதற்கேற்பச் சிகிச்சையும் தவறாக அளிக்கப்பட்டிருந்தால், தரவில் அவ்விரண்டும் முற்றிலும் பொருந்தியே தோன்றும்.

3. சிறார் வாயில் நோயறிதலின் தனி இடர்ப்பாடுகள்

வளர்ந்தோர்க்கு வகுத்த முறையை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்த இயலாமைக்குப் பல காரணங்கள் உள்ளன.

முதலாவது, பாற்பற்களின் அமைப்பு. இருபது பாற்பற்களின் எனாமல் நிலைத்த பற்களின் எனாமலைவிட மெல்லியது. சொத்தை அதை விரைந்து ஊடுருவி டென்டைனை அடைகிறது. பற்கூழும் மேற்பரப்புக்கு அண்மையில் உள்ளது. ஆதலால் காலத்தே கண்டறிதல் என்பதன் கால அளவு குழந்தைகளிடம் குறுகியது.

இரண்டாவது, பற்களின் தொடுபரப்பு. பாற்கடைவாய்ப்பற்கள் அகன்ற பரப்பில் ஒன்றையொன்று தொடுகின்றன. அத்தொடுபரப்பின் கீழ்த் தோன்றும் சொத்தை கண்ணுக்குப் புலப்படுவதற்குள் பெரிதாகிவிடும். கடிநிலை எக்ஸ்ரே இதற்குத் துணைபுரியும். ஆனால் சிறு குழந்தையின் வாயில் படத்தகட்டை அசையாமல் நிறுத்துவது எளிதன்று. கதிர்வீச்சைத் தேவையின்றிச் செலுத்துதலும் கூடாது. தொடுபரப்பைக் கண்ணாலோ ஆய்கோலாலோ காண இயலாத நிலையில், சொத்தை இடர் மிகுந்த குழந்தைக்கு 6 முதல் 12 மாத இடைவெளியிலும், இடர் குறைந்த குழந்தைக்கு 12 முதல் 24 மாத இடைவெளியிலும் கடிநிலைப் படம் எடுக்கலாம் என 2012ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கூறியது. அனைவருக்கும் ஒரே இடைவெளியில் படம் எடுப்பது தரத்தின் அடையாளம் ஆகாது என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, சொத்தையை ஒத்த பிற நிலைகள். நிலைத்த முதற் கடைவாய்ப்பற்களிலும் வெட்டுப்பற்களிலும் தோன்றும் கனிமக் குறைபாட்டுக்கு 2001இல்தான் தனிப்பெயர் முன்மொழியப்பட்டது. வெண்மை, மஞ்சள், பழுப்பு நிறத் திட்டுகளாக அது காணப்படும். அவ்விடத்து எனாமல் எளிதில் உதிரும். முளைத்த சில மாதங்களிலேயே உதிர்ந்த பல்லைச் சொத்தை என்று எழுதிவிட்டால், இனிப்பு தின்றதால் வந்த கேடு எனப் பெற்றோர் பழிக்கப்படுவர். உண்மைக் காரணம் மறைந்துபோகும். புளோரைடு மிகையால் தோன்றும் திட்டுகளுக்கும் இது பொருந்தும்.

நான்காவது, குழந்தையின் மொழி. மூன்று வயதுக் குழந்தை எந்தப் பல் வலிக்கிறது என்று சுட்டுவது அரிது. உணவை ஒதுக்குதல், ஒருபுறமாக மெல்லுதல், இரவில் விழித்தழுதல் ஆகியவற்றைப் பெற்றோர் கூறக்கேட்டே மருத்துவர் உய்த்துணர வேண்டும். அச்சத்தால் வாய் திறக்க மறுக்கும் குழந்தையிடம் பரிசோதனை அரைகுறையாக முடிவதுண்டு. அரைகுறைப் பரிசோதனைக்கும் முழுப் பரிசோதனைக்கும் கட்டணக் குறியீடு ஒன்றாகவே அமையக்கூடும்.

4. நோயின் எல்லைக்கோடு

துல்லியத்தை அளப்பதற்கு முன், எது நோய் என்பதில் உடன்பாடு வேண்டும். பற்சொத்தை திடீரெனத் தோன்றும் குழியன்று. கனிம இழப்பில் தொடங்கி, வெண்திட்டாகி, உடைந்து, குழியாகும் தொடர்நிகழ்வு. அத்தொடரின் எப்புள்ளியில் கோடு கிழிக்கிறோமோ, அதைப் பொறுத்தே நோயுள்ளோர் எண்ணிக்கை அமையும்.

சொத்தையுற்ற, இழந்த, அடைத்த பற்களைக் கூட்டும் குறியீட்டெண் 1930களின் இறுதியில் கிளைனும் பாமரும் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளோடு வழக்கத்துக்கு வந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் வாய்நலக் கணக்கெடுப்பு முறைகள் இன்றும் அதையே முதன்மையாகக் கையாளுகின்றன. அம்முறையில் ஐயத்துக்கிடமற்ற குழியோ, அடியரிக்கப்பட்ட எனாமலோ, மென்மையான அடிப்பரப்போ இருந்தால் மட்டுமே சொத்தை எனப் பதிவாகும். வெண்திட்டுகள் கணக்கில் வாரா. பெருந்திரளான மக்களை நாட்டுக்கு நாடு ஒப்பிட இவ்வெல்லை ஏற்றது.

2000களின் தொடக்கத்தில் உருவான பன்னாட்டுச் சொத்தை கண்டறிதல் மற்றும் மதிப்பிடல் முறை, சுருக்கமாக ஐசிடாஸ், தொடரைப் பல படிகளாகப் பகுக்கிறது. 0 என்பது நலமான பல். 1 என்பது பல்லை உலர்த்திய பின்னரே தென்படும் முதல் மாற்றம். 2 என்பது ஈரமாக இருக்கும்போதே தெளிவாகத் தென்படும் எனாமல் மாற்றம். 3 என்பது டென்டைன் தெரியாத எனாமல் உடைவு. 4 என்பது எனாமலின் அடியிலிருந்து தோன்றும் கருநிழல். 5 என்பது டென்டைன் தெரியும் குழி. 6 என்பது பரந்த குழி.

இரு முறைகளையும் ஒரே குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கலாம். நான்கு வயதுக் குழந்தையின் மேல்முன்பற்கள் நான்கிலும் ஐசிடாஸ் 2 நிலையிலான வெண்திட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். முதல் முறையில் அக்குழந்தையின் குறியீட்டெண் 0; பதிவேட்டில் அது நலமான குழந்தை. ஆனால் ஆறு வயது நிறையாத குழந்தையின் பாற்பல் எதிலேனும் குழிவிழாத சொத்தை இருப்பினும் அது இளங்குழந்தைச் சொத்தை நோயே என்பது அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகத்தின் வரையறை. புளோரைடு பூச்சாலும் உணவுப்பழக்க மாற்றத்தாலும் நோயைத் துளையிடாமலே நிறுத்தக்கூடிய கட்டம் இதுவே. குழி விழுந்தபின் கண்டறிந்த மருத்துவரும் முதல் முறையின்படி துல்லியமானவரே. காலம் என்னும் அளவுகோலில் அவர் பிந்தியவர். எனவே எல்லைக்கோட்டைக் குறிப்பிடாமல் கூறப்படும் துல்லிய விழுக்காடு பொருளற்றது.

5. துல்லியத்தை அளத்தல்: ஓர் எண் விளக்கம்

துல்லியத்தை உரைக்க இரு அளவைகள் அடிப்படையானவை. நோயுள்ளவற்றுள் நோயென அறியப்பட்டவற்றின் விகிதம் உணர்திறன். நோயற்றவற்றுள் நலமென அறியப்பட்டவற்றின் விகிதம் குறித்தன்மை. இவற்றை விளக்கக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

ஒரு மருத்துவர் 1000 பற்பரப்புகளைப் பரிசோதிக்கிறார். அவற்றுள் 100 பரப்புகளில் உண்மையாகவே சொத்தை உள்ளது. அவரது உணர்திறன் 60 விழுக்காடு, குறித்தன்மை 90 விழுக்காடு எனில், 100இல் 60ஐக் கண்டறிந்து 40ஐத் தவறவிடுவார். நலமான 900இல் 810ஐ நலமெனக் கூறி, 90ஐச் சொத்தை எனத் தவறாகக் கூறுவார். சரியான முடிவுகள் மொத்தம் 870. எனவே அவரது ஒட்டுமொத்தச் சரிமை 87 விழுக்காடு.

மற்றொருவர் பற்களைப் பாராமலே அனைத்தும் நலம் என எழுதிவிடுகிறார். நலமான 900உம் சரியாகிவிடுவதால் அவரது ஒட்டுமொத்தச் சரிமை 90 விழுக்காடு. பார்த்தவரைவிடப் பாராதவர் உயர்ந்தவராகத் தோன்றுகிறார். நோய் அரிதாக உள்ள இடத்தில் ஒட்டுமொத்தச் சரிமை எவ்வளவு ஏமாற்றவல்லது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்து, முதல் மருத்துவர் அதே திறனுடன் சொத்தை மிகுந்த ஏழ்மைப் பகுதிக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். அங்கு 1000 பரப்புகளில் 400இல் சொத்தை உள்ளது. அவர் 240ஐக் கண்டறிந்து 160ஐத் தவறவிடுவார். நலமான 600இல் 540ஐச் சரியாகக் கூறி 60இல் தவறுவார். சரியான முடிவுகள் 780. ஒட்டுமொத்தச் சரிமை 78 விழுக்காடு. திறன் மாறவில்லை, நோயாளிகள் மாறினர், மதிப்பெண் 9 புள்ளிகள் சரிந்தது. இம்மதிப்பெண்ணைக் கொண்டு ஊக்கத்தொகை வழங்கினால், தேவை மிகுந்த குழந்தைகளுக்குப் பணிபுரிபவரே தண்டிக்கப்படுவார்.

அவர் சொத்தை என்று கூறியவற்றுள் உண்மையானவை எவ்வளவு என்று நோக்கினால் படம் தலைகீழாகிறது. முதல் இடத்தில் அவர் சொத்தை எனக் கூறிய 150இல் 60 மட்டுமே உண்மை. அதாவது 40 விழுக்காடு. இரண்டாம் இடத்தில் 300இல் 240 உண்மை. அதாவது 80 விழுக்காடு. சொத்தை குறைந்த பள்ளியில் துளையிடப்படும் பற்களுள் பாதிக்கு மேற்பட்டவை நலமான பற்களாக இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். தவறவிடுதலைப் போலவே மிகைநோயறிதலும் குழந்தைக்குத் தீங்கானது. ஒருமுறை துளையிட்ட பல் மீண்டும் முழுப்பல் ஆகாது. மிகச் சிறிய குழந்தைக்குச் சிகிச்சை பொது மயக்கத்தில் நிகழ்வதும் உண்டு. ஆகவே தர அறிக்கையில் உணர்திறனும் குறித்தன்மையும் தனித்தனியே, நோய்ப் பரவல் வீதத்துடன் சேர்த்துத் தரப்படுதல் வேண்டும்.

6. இசைவும் மெய்ம்மையும்

கள ஆய்வுகளில் பரிசோதகர்களின் தரத்தைக் காட்ட வழக்கமாகக் கையாளப்படுவது கப்பா கெழு. ஜேக்கப் கோஹன் 1960இல் இதனை அறிமுகம் செய்தார். இருவரின் முடிவுகள் தற்செயலாக ஒத்துப்போகும் அளவைக் கழித்து, எஞ்சிய இசைவை இது அளக்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், பாராமல் எழுதியவரின் முடிவுகளை உண்மை நிலையுடன் ஒப்பிட்டால் கப்பா 0. முதல் மருத்துவருக்கு அது ஏறத்தாழ 0.41. ஒட்டுமொத்தச் சரிமை மறைத்ததைக் கப்பா வெளிப்படுத்துகிறது. லாண்டிஸ், கோக் ஆகியோர் 1977இல் தந்த பகுப்பில் 0.41 முதல் 0.60 வரை மிதமான இசைவு, 0.61 முதல் 0.80 வரை கணிசமான இசைவு.

உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டி நூல், கள ஆய்வுக்கு முன் பரிசோதகர்களுக்குப் பயிற்சியும் அளவொப்பும் வேண்டும் என்றும், ஆய்வின்போது 5 முதல் 10 விழுக்காட்டினரை மீண்டும் பரிசோதித்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. இந்நெறி மருத்துவமனை அன்றாடப் பணியில் அரிதாகவே பின்பற்றப்படுகிறது. ஆய்வுக்காகப் பரிசோதிக்கப்படும் குழந்தைக்குக் கிடைக்கும் உறுதி, சிகிச்சைக்காக வரும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

எனினும் இசைவு மெய்ம்மை ஆகாது. பற்களை உலர்த்தாமல் பரிசோதிக்கும் இருவர் ஐசிடாஸ் 1 நிலையை ஒருசேரத் தவறவிடுவர். அவர்களின் கப்பா உயர்ந்தே இருக்கும். இருவரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே பிழையைக் கற்றிருப்பினும் இதுவே நேரும். நம்பகத்தன்மை தேவையான நிபந்தனை; போதுமான நிபந்தனை அன்று.

மெய்ம்மையை நிறுவ ஒப்புநியமம் வேண்டும். ஆய்வகத்தில் பல்லை அறுத்து நுண்ணோக்கியில் காண்பதே உறுதியான சான்று. விழுந்த பாற்பற்களில் அதைச் செய்யலாம். வாயிலுள்ள பல்லில் செய்ய இயலாது. துளையிட்டுத் திறந்த பல்லில் சொத்தை இருந்ததா எனச் சரிபார்ப்பது ஒரு வழி. ஆனால் சொத்தை எனக் கருதப்பட்ட பற்களே திறக்கப்படுகின்றன. நலமெனக் கருதப்பட்டவை திறக்கப்படுவதில்லை. எனவே இவ்வழியில் மிகைநோயறிதல் வெளிப்படும், தவறவிட்டவை வெளிப்படா. எக்ஸ்ரேயும் முழுச் சான்று அன்று. கனிம இழப்பு கணிசமான அளவை எட்டிய பின்னரே அது படத்தில் தென்படும். குறையற்ற ஒப்புநியமம் இன்மையால், ஒன்றுக்கு மேற்பட்ட குறையுள்ள சான்றுகளை இணைத்து நோக்குவதே நடைமுறைக்கு உகந்தது.

7. பதிவேட்டிலிருந்து அளக்கத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து ஒரு மருத்துவமனையோ கல்லூரியோ தன் பதிவேட்டைக் கொண்டே தொடங்கத்தக்க ஐந்து அளவீடுகளை முன்மொழியலாம்.

முதலாவது, பதிவின் முழுமை. பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளுள் எத்தனை பேருக்குப் பல், பரப்பு, நிலை, வளர்நிலை ஆகியவற்றுடன் முடிவு எழுதப்பட்டுள்ளது? பரிசோதிக்க இயலாத பற்கள் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளனவா? ‘பார்க்க முடியவில்லை’ என்பதும் ‘நோயில்லை’ என்பதும் வெவ்வேறு. இதற்கென வகுக்கப்பட்ட ஸ்னோடென்ட் முதலிய நோய்ப்பெயர்த் தொகுதிகள் உள்ளன. சொத்தை இடரைத் தாழ்வு, இடைநிலை, உயர்வு எனப் பதியும் குறியீடுகளும் அமெரிக்க வழக்கில் உள்ளன.

இரண்டாவது, சிகிச்சையுடனான பொருத்தம். அளிக்கப்பட்ட ஒவ்வொரு சிகிச்சைக்கும் அதற்கு முந்தைய நாளிலோ அதே நாளிலோ பதிவான நோய்முடிவு உள்ளதா? கண்டறியப்பட்ட ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சையோ கண்காணிப்புத் திட்டமோ உள்ளதா?

மூன்றாவது, மறுபார்வை. எக்ஸ்ரே படங்களின் ஒரு பகுதியைக் குழந்தையின் பெயரும் முதல் முடிவும் அறியாத மற்றொரு மருத்துவர் படிக்க வேண்டும். முடிவுகளின் இசைவைக் கப்பாவாகவும், வேறுபட்டவற்றைத் தனித்தனி விவாதத்துக்குரிய நேர்வுகளாகவும் கொள்ளலாம்.

நான்காவது, பின்னோக்கு ஆய்வு. ‘சொத்தை இல்லை’ எனப் பதிவான குழந்தை அடுத்த ஆறு மாதங்களுக்குள் வலியுடன் வந்ததா, அதே பல் பிடுங்கப்பட்டதா, அதற்குப் பற்கூழ்ச் சிகிச்சை தேவைப்பட்டதா? இத்தகைய நேர்வு ஒவ்வொன்றும் பிழை ஆகாது. பாற்பல்லில் சொத்தை விரைந்து வளரும். ஆறு மாதத்தில் புதிதாகத் தோன்றியதாகவும் இருக்கலாம். ஆயினும் எங்கே தேட வேண்டும் என்பதை இது காட்டுகிறது. முந்தைய படத்தை மீண்டும் படித்தால், அப்போதே அறிகுறி இருந்ததா என்பது விளங்கும்.

ஐந்தாவது, தெரிவிப்பு. பரிசோதனை முடிந்து வெளியே வரும் பெற்றோரிடம் இரு வினாக்கள் கேட்கலாம்: குழந்தையின் பல்லில் என்ன உள்ளது என்று கூறினார்கள்? அடுத்து என்ன செய்ய வேண்டும்? அவர்தம் விடையைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால், நோயறிதலின் மூன்றாம் அளவுகோல் அளக்கப்பட்டதாகும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

இவ்வளவீடுகளுக்கும் எல்லை உண்டு. ஓர் எண் பரிசுக்கும் தண்டனைக்கும் அடிப்படையானவுடன் அவ்வெண்ணை உயர்த்துவதே நோக்கமாகிவிடும். தவறவிட்டவற்றை மட்டும் தண்டித்தால் ஐயமுள்ள பற்கள் அனைத்தும் சொத்தை எனப் பதிவாகும். மிகைநோயறிதலை மட்டும் தண்டித்தால் ஐயமுள்ளவை அனைத்தும் நலமெனப் பதிவாகும். வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்ட குழந்தை பின்னோக்கு ஆய்வில் அகப்படாது. ஆதலால் இவற்றை முதற்கண் மருத்துவமனையினுள் கற்றலுக்கான கருவிகளாகக் கொண்டு, போதிய காலம் சோதித்த பின்னரே வெளியார் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துதல் தகும்.

முடிவுரை

சிறார் பல் மருத்துவத்தில் இன்று பரவலாகக் கணக்கிடப்படும் நோயறிதல் எண், நோயறிதல் நிகழ்ந்ததை மட்டும் கூறுகிறது. குழந்தைகள் பல் மருத்துவரிடம் வந்து சேருகின்றனரா என்பதை அறிய அவ்வெண் தேவை. வந்து சேர்ந்தபின் அவர்கள் பெற்றது சரியான முடிவா என்பதை அறிய அது உதவாது. அதனை அறிய வேண்டுமெனில், நோயின் எல்லைக்கோட்டை வெளிப்படையாக வகுத்தல் வேண்டும். உணர்திறனையும் குறித்தன்மையையும் பரவல் வீதத்துடன் சேர்த்து உரைத்தல் வேண்டும். இசைவை மெய்ம்மையாக மயங்காதிருத்தல் வேண்டும். இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. கண்டது என்ன என்பது பல்வாரியாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதப்படாத முடிவைச் சரிபார்க்க எவராலும் இயலாது.

மேரிலாந்துச் சிறுவனின் இறப்பு, சேவை எட்டாமையின் விளைவாகவே பெரிதும் பேசப்பட்டது. அதன் பயனாகப் பிறந்த அளவீடுகளும் சேவை எட்டுதலையே அளந்தன. அம்முதற்படியைக் கடந்து, பரிசோதனை நாற்காலியில் அமர்ந்த குழந்தையின் நோய் உரிய காலத்தில் சரியாக அறியப்பட்டு அதன் பெற்றோருக்குச் சொல்லப்பட்டதா என்று வினவுவது அடுத்த படி. பல் மருத்துவக் கல்லூரிகளின் மாணவர் பயிற்சிப் பதிவேடுகளிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.